நத்தை நடந்த சரிவு

ஆம்பல் குட்டைக்கு மேலே ஒரு சரிவு இருந்தது. அந்தச் சரிவில் ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி, தன் மனைவி முள்ளாயியோடும் மகள் சின்னூசியோடும் வளை தோண்டி வாழ்ந்து வந்தது.

முள்ளம்பன்றி என்பது பன்றி இனமல்ல. எலிக்கும் அணிலுக்கும்தான் அது உறவு. ஆனால் இதை ஈட்டியப்பனிடம் சொல்லிவிட்டு யாரும் முழு உடம்போடு திரும்பியதில்லை.

"எலியாம், எலி! எந்த எலிக்கு முதுகுல இத்தனை ஈட்டி இருக்கு?" என்று சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே பாய்ந்து வரும்.

சரிவுக்கு மேலே அடர்ந்த மரக்கூட்டம். மரங்கள் உதிர்க்கும் சருகெல்லாம் காற்றில் உருண்டு வந்து சரிவில் படுக்கும். படுத்த சருகு மழையில் நனையும், மக்கும், கறுக்கும். அந்தக் கறுப்பு மண்ணுக்குள் காட்டுவள்ளிக் கிழங்கு விளையும். ஈட்டியப்பன் குடும்பத்துக்கு அதுதான் அன்றாடச் சோறு, அதுதான் விருந்து, அதுதான் பலகாரம்.

சரிவுக்குக் கீழே குட்டை. குட்டைக்குக் கீழே மண்சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் மனிதர்களின் மரவள்ளித் தோட்டம். அங்கே கிழங்கு தொடைப் பருமன் இருக்கும். வேலியோரம் சுருக்குக் கம்பியும் இருக்கும். ஈட்டியப்பனின் அண்ணன் ஒருமுறை அந்தச் சாலையைத் தாண்டிப் போனது. போனதுதான்.

அன்று ஈட்டியப்பன் மனைவியிடம் சொன்னது: "முள்ளாயி, கேட்டுக்கோ! நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நம்ம வீட்டுக் கால் ஒண்ணுகூடச் சாலையைத் தாண்டக் கூடாது. நமக்கு வேண்டியதை இந்தச் சரிவு போடும்!"

சரிவும் வெகுகாலம் போட்டது.

பிறகு ஒரு வருடம் கிழங்கு சிறுத்துப்போனது. தோண்டத் தோண்ட வேர்தான் வந்தது.

"ஏங்க, இது கிழங்கா, உங்க மூக்கா?" என்றது முள்ளாயி, ஒன்றைத் தூக்கிப் பார்த்து.

"என் மூக்கு இதைவிடப் பெருசு!" என்றது ஈட்டியப்பன். சொன்ன பிறகுதான் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று அதற்குத் தோன்றியது.

சின்னூசி தின்று முடித்துவிட்டுத் தோலையும் நக்கிக்கொண்டிருந்தது. அதன் முள்ளுக்கு அடியில் விலா எலும்பு தெரிந்தது.

அந்த வருடம் மழை பிந்திப் பெய்து, முந்தி ஓய்ந்திருந்தது. கிழங்கு சிறுக்க அதுவே போதுமான காரணம். ஆனால் மழையின்மேல் பழி போட்டால் அதற்குமேல் செய்ய வேலை எதுவும் இருக்காது. வயிறு காயும்போது யாருக்கும் சும்மா இருக்க முடியாது. ஆகவே ஈட்டியப்பன் மண்ணின்மேல் சந்தேகப்பட்டது.

மண்ணின்மேல் சந்தேகம் வந்தால் அந்தக் காட்டில் நத்தையை அழைப்பார்கள். அது அவர்கள் வழக்கம். ஒரு வாய் மண்ணை எடுத்துவந்து குட்டையோரப் பாறையில் பரப்புவார்கள். தண்ணீர் தெளித்து, நத்தையை அதன்மேல் விடுவார்கள். நத்தை நடந்தால் நல்ல மண். ஓட்டுக்குள் சுருண்டால் கெட்ட மண். மேல்முறையீடு கிடையாது.

வழக்கம் வந்த கதையும் சிறியதுதான். நத்தையின் ஓடு சுண்ணாம்பால் ஆனது. புளித்த மண் சுண்ணாம்பைத் தின்றுவிடும். அதனால் நத்தைகள் முட்டையிடும் முன் மண்ணைக் காலால் தொட்டுப் பார்த்து, புளித்தால் ஒதுங்கிப்போகும். எப்போதோ ஒரு காட்டெருமை இதைப் பார்த்துவிட்டு, "நத்தைக்கே பிடிக்காத மண் நமக்கு எப்படிப் பிடிக்கும்?" என்று கேட்டது. காட்டெருமையிடம் எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை. அப்படித்தான் பல விஷயங்கள் அறிவாகிவிடுகின்றன.

அந்தக் காலத்தில் சோதனை செய்யும் பொறுப்பு சுருளி என்ற நத்தையிடம் இருந்தது. சுருளி பொய் சொல்லாது. பொய்யை யோசித்து முடிப்பதற்குள் கேட்டவர் வீட்டுக்குப் போய்விடுவார் என்பதும் ஒரு காரணம்.

பாறையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. காட்டுக்கோழிகள் வந்தன, முயல்கள் வந்தன, ஒரு காட்டுப்பன்றி வந்து இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டது. பாறையின் உச்சியில் மயில் உட்கார்ந்தது. அதன் பெயர் மணிக்கழுத்தர். அந்தக் காட்டுக்கு அதுதான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் எல்லோரையும்விட உயரத்தில் உட்காரும் பழக்கம் அதற்கு இருந்தது.

சுருளியை மண்மேல் விட்டார்கள். அது மெல்லக் காலை நீட்டியது. மண்ணைத் தொட்டது. சட்டென்று ஓட்டுக்குள் சுருண்டது.

"கெட்ட மண்!" என்று கூட்டம் கத்தியது.

"புளிக்குது," என்றது சுருளி ஓட்டுக்குள்ளிருந்து. "கொஞ்சம் புளிக்குது. எனக்கு ஒத்துக்காது. அவ்வளவுதான் நான்..."

"அவ்வளவுதான்! கெட்ட மண்!" என்று கூட்டம் மறுபடியும் கத்தியது. வாக்கியத்தை முடிக்க நத்தைக்கு யாரும் நேரம் கொடுப்பதில்லை.

ஈட்டியப்பனுக்குத் தலை சுற்றியது. கூடவே மனத்தில் ஓர் ஓரத்தில் நிம்மதியும் வந்தது. நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டதல்லவா!

"தலைவரே, இதுக்கு மருந்து உண்டா?" என்று கேட்டது.

மணிக்கழுத்தர் கொண்டையை ஆட்டியது. "ஏன் இல்லாமல்? புளிப்பைச் சாம்பல் முறிக்கும். காக்கையைக் கேளுங்கள். மனிதர்கள் தோட்டத்தில் சாம்பல் தூவுகிறார்களா, இல்லையா?"

"தூவுறாங்க, தூவுறாங்க!" என்றது மரத்திலிருந்த அண்டங்காக்கை. "சாணி, தழை எல்லாம் கொட்டிட்டு அப்புறம்..."

"சாம்பல் தூவுகிறார்கள்!" என்று மயில் முடித்துவைத்தது. "சாம்பலுக்கு எங்கே போவது? சரிவு முழுக்கச் சருகு குப்பையாகக் கிடக்கிறது. அள்ளுங்கள், எரியுங்கள், தூவுங்கள்! மண்ணும் இனிக்கும், இடமும் சுத்தமாகும்!"

மயில் சொன்னதில் பொய் இல்லை. சாம்பல் புளிப்பை முறிக்கத்தான் செய்யும். ஆனால் அதைச் சொல்ல மயிலுக்கு வேறொரு காரணமும் இருந்தது. சருகின்மேல் ஆடினால் சரசரவென்று சத்தம் வந்தது. பெண்மயில்கள் பாம்பென்று நினைத்துப் பறந்துவிட்டன. கடந்த இரண்டு பருவமாக மணிக்கழுத்தரின் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தது ஓர் ஓணான் மட்டுமே. அது பாதியில் தூங்கிவிட்டது.

அப்போது பாறையின் அடியில் ஏதோ நெளிந்தது. வளையம்மா என்ற மரவட்டை. மரவட்டைக்கு ஆயிரம் கால் என்பது மிகை. எண்ணிப் பார்த்தவர்கள் சில நூறு என்கிறார்கள். அத்தனை காலும் அன்று நடுங்கின.

"சருகை எரிக்காதீங்கய்யா!" என்றது வளையம்மா. "அது குப்பையில்லை. அதுதான் எங்க சோறு! நானும் என் சனமும் மண்புழுவும் அதைத் தின்னுதான் உயிரோட இருக்கோம்!"

கூட்டம் சிரித்தது.

"பார்த்தீர்களா!" என்றது மயில். "இங்கே நாங்கள் மண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். நீ உன் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறாய்! வெட்கமாக இல்லை?"

வளையம்மா உண்மையிலேயே தன் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசியது. மண்ணும் தன் சாப்பாடும் ஒன்றுதான் என்பது அதற்கே தெரியாது.

"ஈட்டியப்பா, சரிவு உன்னுடையது. நீ சொல்!" என்றது மயில்.

ஈட்டியப்பன் மரவட்டையைப் பார்த்தது. பிறகு சின்னூசியின் விலாவைப் பார்த்தது.

"எரிச்சிடலாம்," என்றது.

வளையம்மா குறுக்கே வந்து படுத்தது. ஈட்டியப்பன் மூக்கால் அதை ஒரு தள்ளு தள்ளியது. அது வட்டமாகச் சுருண்டு, சரிவில் உருண்டு போனது. சின்னூசி அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. பல நாளுக்குப் பிறகு மகள் சிரித்ததில் ஈட்டியப்பனுக்கும் சிரிப்பு வந்தது.

அன்றே வேலை தொடங்கியது. காட்டுக்கோழிகள் கீறின, பன்றி புரட்டியது, முயல்கள் தள்ளின, முள்ளம்பன்றிகள் முதுகில் குத்திச் சுமந்தன. சருகைப் பாறைமேல் மலையாகக் குவித்தார்கள். சாலையில் யாரோ எறிந்த பீடித் துண்டைக் காக்கை அணையாமல் கொண்டுவந்தது. காடு பற்றிக்கொள்ளக் கூடாதென்று பாறையைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். அவ்வளவு எச்சரிக்கையானவர்கள்.

சாம்பலைச் சரிவெங்கும் தூவினார்கள். முதல் மழை பெய்தது. சுருளியைக் கூப்பிட்டார்கள்.

சுருளி காலை நீட்டியது. தொட்டது. நின்றது. பிறகு நடந்தது! வழவழவென்று ஒரு கோடு போட்டுக்கொண்டே பாறையின் அந்த ஓரம்வரை நடந்தது.

"நல்ல மண்!" என்று காடே அதிர்ந்தது.

அந்த வருடம் மழையும் குறைவில்லை. காட்டுவள்ளிக் கொடி மரத்தின் பாதிவரை ஏறியது. கிழங்கு எப்படி இருந்தது என்கிறீர்கள்? சின்னூசி ஒரு கிழங்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, மறுமுனையைத் தின்றது! மணிக்கழுத்தர் சுத்தமான சரிவில் தோகை விரித்து ஆடியது. மூன்று பெண்மயில்கள் கடைசிவரை நின்று பார்த்தன.

"நான் சொன்னேனா, இல்லையா?" என்று மயில் பார்த்தவரையெல்லாம் கேட்டது.

"சொன்னீங்க, தலைவரே! நீங்க தெய்வம்!" என்றது ஈட்டியப்பன்.

சின்ன மாற்றம் ஒன்று நடந்திருந்தது. முன்பெல்லாம் கிழங்கு தோண்டிவிட்டு வந்தால் ஈட்டியப்பனின் நகமெங்கும் மூக்கெங்கும் கறுப்பு மண் அப்பியிருக்கும். "மண்ணோட உள்ள வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று முள்ளாயி வாசலிலேயே மறிக்கும். இப்போது மண் ஒட்டவில்லை. ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தால் மாவுபோல உதிர்ந்தது.

"இப்பத்தான் வீடு வீடா இருக்கு," என்றது முள்ளாயி.

மரவட்டைகள் வரிசையாகச் சரிவை விட்டு வெளியேறின. மண்புழுக்களும் எங்கோ போயின. யாரும் கேட்கவில்லை, யாரும் தேடவில்லை.

அடுத்த வருடம் முதல் மழைக்குப் பின் சுருளியை மண்மேல் விட்டார்கள். காலை முழுதாக நீட்டக்கூட இல்லை. பட்டென்று சுருண்டது.

"புளிப்பு! போன தடவையைவிட அதிகப் புளிப்பு!" என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

கூட்டம் திகைத்தது. இது எப்படி?

எப்படி என்றால் இப்படி. சருகு மக்கிக் கறுத்து மண்ணோடு கலக்கும் பொருளைப் படித்தவர்கள் கரிமம் என்பார்கள். மண் துகளை ஒன்றோடொன்று ஒட்டுவது அது. மழை நீரைக் குடித்துவைத்து வேருக்குக் கொடுப்பது அது. சத்தை ஓடவிடாமல் பிடித்துவைப்பதும் அது. அது நிறைய இருக்கும் மண்ணில் லேசான புளிப்பு இருப்பது இயல்பு. அந்தப் புளிப்பு கிழங்குக்குத் தீங்கு செய்யாது. நத்தைக்கு மட்டும்தான் கால் கூசும். அதைவிட முக்கியம், கரிமம் உள்ள மண் நிதானமானது. புளிப்பு ஏறினாலும் மெல்ல ஏறும், இறங்கினாலும் மெல்ல இறங்கும். அது குறைந்துபோனால் மண் ஊஞ்சலாகிவிடும். சாம்பல் போட்டால் ஒரே வீச்சில் அந்தப் பக்கம், மழை பெய்து சாம்பலைக் கழுவிவிட்டால் ஒரே வீச்சில் இந்தப் பக்கம்.

இதையெல்லாம் அங்கே யாரும் சொல்லவில்லை. மயில் சொன்னது இதுதான்:

"சாம்பல் போதவில்லை!"

"ஆமா, போதலை!" என்றது ஈட்டியப்பன், எல்லோருக்கும் முன்பாக. போன வருடத்துக் கிழங்கு அதன் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒருமுறை பலித்த மருந்தைச் சந்தேகிப்பவன் நன்றி கெட்டவன் என்று அது நினைத்தது.

சரிவில் சருகு மிச்சமில்லை. மேலே மரக்கூட்டத்துக்குப் போய் அங்கிருந்த சருகை அள்ளினார்கள். எரித்தார்கள். தூவினார்கள். நத்தை நடந்தது. கிழங்கு சுமாராக விளைந்தது.

அதற்கடுத்த வருடம் நத்தை மறுபடியும் சுருண்டது. உளுத்த கட்டைகளை இழுத்துவந்து எரித்தார்கள். காட்டெருமைச் சாணத்தைக் காயவைத்து எரித்தார்கள். நத்தை நடந்தது. கிழங்கு, சாம்பலுக்கு முந்திய வருடத்து மூக்களவுக்குத் திரும்பியது.

"ஏங்க, ஏதோ சரியில்லை," என்றது முள்ளாயி. "தோண்டினா மண் கல்லு மாதிரி இருக்கு. மழை பெஞ்சா மாவு மாதிரி ஓடுது. முன்னே இப்படியா இருந்துச்சு?"

"நத்தை நடக்குதா, இல்லையா?" என்றது ஈட்டியப்பன்.

"நடக்குதுதான்..."

"அப்புறம் என்ன? நடந்தா நல்ல மண்ணு! உனக்கு நத்தையைவிடத் தெரியுமா?"

அதன்பின் முள்ளாயி, இருக்கிற கிழங்கைப் பங்கிடும்போது தன் பங்கைச் சின்னூசியின் பக்கம் தள்ளிவிட்டு, "எனக்குப் பசிக்கலை," என்றது. ஈட்டியப்பனும் அதையே சொன்னது. இரண்டும் ஒன்றையொன்று நம்பியதுபோல் காட்டிக்கொண்டன.

பிறகு வந்த வருடத்தில் எரிக்க எதுவுமே கிடைக்கவில்லை. மேலே மரங்களும் வெளிறிப்போய், பேருக்கு நாலு இலை உதிர்த்தன. ஈட்டியப்பன் சரிவில் மேலும் கீழும் அலைந்தது. வளையின் வாசலுக்குப் பக்கத்தில், பாறையின் நிழலில், கையகலத்துக்குக் கறுப்பு மண் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. தொட்டால் ஈரம். மோந்தால் பழைய வாசம்.

"தலைவரே! இது எரியுமா?" என்று கேட்டது.

மணிக்கழுத்தர் ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. "காயவைத்தால் எரியும்," என்றது.

காயவைத்தார்கள். அது சுடர்விடாமல், புகைந்து புகைந்து நெடுநேரம் எரிந்தது. அந்தப் புகையில் சின்னூசிக்கு இருமல் வந்தது. கிடைத்த சாம்பல் ஒரு பிடி. அதையும் தூவினார்கள்.

மழை தூறியதும் சுருளியை விட்டார்கள். அது நடந்தது. இதுவரை நடக்காத நடை. பாறையைத் தாண்டிச் சரிவிலேயே இறங்கி நடந்தது.

"அருமை!" என்றது சுருளி. "துளிகூடப் புளிப்பில்லை. என் ஆயுசுல இப்படி ஒரு மண்ணைத் தொட்டதில்லை!"

காட்டில் கொண்டாட்டம். மயில் ஆடியது. ஈட்டியப்பன் வீட்டுக்கு ஓடி, "முள்ளாயி! நம்ம கஷ்டம் விட்டுச்சு!" என்று கத்தியது.

கொடி முளைக்கக் காத்திருந்தார்கள். ஒன்றிரண்டு முளைத்தன. இலைகள் மஞ்சளாயின. வாடின. தோண்டிப் பார்த்தால் கிழங்கு இல்லை. வேரும் இல்லை. மண்ணுக்குள் ஒரு பூச்சிகூட இல்லை.

ஈட்டியப்பன் நேரே சுருளியிடம் போனது.

"ஓய் சுருளி! இன்னொரு தடவை பாரும்!"

சுருளி பொறுமையாக மண்ணைத் தொட்டது. நடந்து காட்டியது.

"நல்லாத்தான் இருக்கு, ஈட்டியப்பா. புளிப்பே இல்லை."

"நல்லா இருந்தா ஏன் ஒண்ணும் விளையலை?"

"விளையிறதா? அது எனக்கெப்படித் தெரியும்?"

"நீர்தானே நல்ல மண்ணுன்னு சொன்னீர்!"

"நான் எப்ப சொன்னேன்?" சுருளியின் கொம்புக் கண்கள் இரண்டும் ஆச்சரியத்தில் நீண்டன. "புளிக்குது, புளிக்கலை. இந்த ரெண்டைத் தவிர நான் எதுவும் சொன்னதே இல்லையே! நல்ல மண்ணு, கெட்ட மண்ணுன்னு கத்தினதெல்லாம் நீங்கதான்!"

ஈட்டியப்பனின் முட்கள் சிலிர்த்தன. பிறகு தானாகவே அடங்கின. நத்தை சொன்னது உண்மை. அது எல்லா வருடமும் உண்மையைத்தான் சொன்னது. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னது. கேள்வி கேட்டவர்கள்தான் ஒரு கேள்வியோடு எழுந்துபோனார்கள்.

அது மயிலைத் தேடிப் போனது. "தலைவரே, கிழங்கு ஒண்ணுமே இல்லை!"

"அப்படியா?" என்றது மணிக்கழுத்தர். "எனக்கும் இந்தப் பக்கம் புழு பூச்சி கிடைப்பதில்லை. நான் நாளைக்கே மலைக்கு அந்தப் பக்கம் போகிறேன். அங்கே நல்ல ஈரமான காடாம். ஆனால் பாரேன், சருகு ரொம்ப அதிகமாம்! போய் ஏதாவது செய்ய வேண்டும்."

இறக்கை உள்ளவர்களுக்கு எப்போதும் அந்தப் பக்கம் ஒன்று உண்டு. மயில் பறந்துபோனது.

அதன்பின் பெருமழை வந்தது. முன்பு எவ்வளவு பெரிய மழை பெய்தாலும் சரிவு குடித்துவிடும். குட்டைக்குத் தெளிந்த நீர்தான் கசிந்து இறங்கும். இப்போது சரிவுக்கு வாய் இல்லை. விழுந்த மழை விழுந்த வேகத்தில் ஓடியது. மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடியது. ஒரு பகல் முழுவதும் ஈட்டியப்பன் வளை வாசலில் நின்று, தன் சரிவு சிவப்புக் குழம்பாகக் குட்டையில் போய் விழுவதைப் பார்த்தது. மழை நின்றபோது குட்டையில் ஆம்பலைக் காணோம். சரிவில் பாறையின் எலும்பு தெரிந்தது.

மழை போய் வெயில் வந்தது. ஒதுங்க ஒரு சருகின் நிழல்கூட இல்லாமல் சுருளி ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டது. சில நாள் கழித்து ஈட்டியப்பன் அதை மூக்கால் தட்டிப் பார்த்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஓடு மட்டும் வெள்ளை வெளேரென்று, நல்ல கெட்டியாக இருந்தது.

ஈட்டியப்பனுக்கு வளையம்மாவின் நினைவு வந்தது. மேட்டைத் தாண்டி, முள்புதர் ஒன்றின் அடியில் அதைக் கண்டுபிடித்தது. புதரடியில் உள்ளங்கையளவு சருகு. அதில் வளையம்மாவும் அதன் சனத்தில் மிஞ்சிய சிலரும் ஒண்டிக்கிடந்தார்கள். ஈட்டியப்பனைப் பார்த்ததும் எல்லோரும் சுருண்டுகொண்டார்கள்.

"அம்மா, நான் தள்ளிவிட வரலை," என்றது ஈட்டியப்பன். "கூப்பிட வந்திருக்கேன். சரிவுக்குத் திரும்பி வாங்க. உங்க சனம், மண்புழு எல்லாரும் வாங்க. மண்ணைப் பழையபடி ஆக்கித் தாங்க. உங்க கால்ல விழறேன்!"

"எந்தக் கால்ல?" என்றது வளையம்மா. அது வேடிக்கைக்காகத்தான் சொன்னது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அதுவே மெல்லச் சுருள் பிரிந்து சொன்னது: "வந்து என்னய்யா தின்ன?"

"சருகு..."

"சருகு எங்கே இருக்கு?"

"மரம் உதிர்க்கும்."

"மரம் எதைத் தின்னு உதிர்க்கும்?"

ஈட்டியப்பன் திரும்பி, மேட்டுக்கு அந்தப் பக்கம் வெளிறி நின்ற மரங்களைப் பார்த்தது.

"நாங்க மண்ணைச் செய்யறவங்க இல்லய்யா," என்றது வளையம்மா. "சருகைத் தின்னோம், கழிஞ்சோம். அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தக் கறுப்பு என் பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கும் முன்னாலேர்ந்து சேர்ந்தது. எத்தனை பேர் தின்னதுன்னு யாருக்குத் தெரியும்? நீங்க எல்லாரும் நல்லா சாம்பல் பண்ணிட்டீங்க. சாம்பலை யாராலயும் சருகாக்க முடியாது."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஈட்டியப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் அது முள்புதரிலும் பாறையிடுக்கிலும் கண்ணில் பட்ட இலையையெல்லாம் வாயில் கவ்வியது. சரிவில் கொண்டுபோய் வைத்தது. காற்று வந்து தூக்கிக்கொண்டு போனது. மறுபடியும் போய்க் கவ்வி வந்தது. அதன்மேல் ஒரு கல்லை வைத்தது. கல்லுக்கு அடியில் இலை காய்ந்து நொறுங்கியது. மக்கவில்லை. மக்கவைக்க அங்கே ஈரமும் இல்லை, உயிரும் இல்லை. ஈட்டியப்பன் அப்படியும் விடவில்லை. போவதும் வருவதுமாக, தொண்டை வறண்டு நாக்கு வெளியே தள்ளும்வரை சுமந்தது.

முள்ளாயி வளையிலிருந்து வெளியே வந்தது. சின்னூசி அதன் வயிற்றோடு ஒட்டி நின்றது. நிற்கும்போதே அதன் பின்னங்கால்கள் மடங்கின.

"போதும்," என்றது முள்ளாயி.

"இன்னும் கொஞ்சம் இலை..."

"போதுங்க. நீங்க வைக்கிற இலை மண்ணாகறப்ப இவ இருக்க மாட்டா."

ஈட்டியப்பன் வாயிலிருந்த இலையைக் கீழே போட்டது.

"சாலையைத் தாண்டப் போறோம்," என்றது முள்ளாயி. அது கேள்வியாக இல்லை. "நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

ஈட்டியப்பன் மனைவியைப் பார்த்தது, மகளைப் பார்த்தது. "கம்பி இருக்கு, முள்ளாயி" என்று சொல்ல நினைத்தது. அது முள்ளாயிக்கும் தெரியும். அதனால் வேறு சொன்னது.

"நான் முன்னால போறேன். நான் கால் வைச்ச இடத்துல மட்டும் நீங்க கால் வையுங்க. நான் நின்னா நீங்களும் நில்லுங்க. நான் சத்தம் போட்டா வேற வழியா உள்ள போயிடுங்க. திரும்பி என்கிட்ட வரக் கூடாது. சரியா?"

"சரி," என்றது முள்ளாயி.

பொழுது சாயும் நேரத்தில் மூவரும் சரிவிலிருந்து இறங்கினார்கள். சேறு நிறைந்த குட்டையைச் சுற்றி நடந்தார்கள். மண்சாலை இன்னும் வெயில் சூட்டோடு இருந்தது.

"அப்பா," என்றது சின்னூசி. "அங்க மண்ணு புளிக்குமா?"

"தெரியலைம்மா," என்றது ஈட்டியப்பன். "நான் கேக்கப் போறதில்லை."

வேலியோரம் புல் உயரமாக இருந்தது. ஈட்டியப்பன் மூக்கைத் தரையோடு வைத்து, ஒவ்வொரு அடியாக முன்னால் போனது. தோட்டத்து மண்ணில் சாணமும் தழையும் மக்கிய வாசம் அடித்தது. அந்த வாசத்தை அது ஒரு கணம் நின்று இழுத்தது. பிறகு அடுத்த அடியை வைத்தது.

கம்பி சத்தமே போடவில்லை. ஈட்டியப்பன்தான் போட்டது.

முள்ளாயி சொன்ன சொல் மாறவில்லை. மகளைத் தள்ளிக்கொண்டு வேறு வழியாக உள்ளே போனது. சின்னூசி அன்று வயிறு நிறையத் தின்றது. தொடைப் பருமன் கிழங்கை அது அழுதுகொண்டே தின்றது. தின்னாமல் இருக்க அதனால் முடியவில்லை.

ஒன்றை மட்டும் அளந்துவிட்டு அதுவே எல்லாமென்று நம்புகிறவர், அளவு மிகச் சரியாக இருக்கும் நாளில்தான் அழிந்துபோவார்.